பழைய ஹைபிரிட் காரின் விலை எதில் நிற்கிறது

ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றும் வண்டி. புதிதாக வாங்கும்போது இந்த இரண்டுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்கள். சில ஆண்டுகள் ஓட்டி விற்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. இன்ஜினின் நிலையைக் காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லிவிடலாம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் பேட்டரியின் நிலையை அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பேட்டரி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானால் யார் பார்ப்பார்கள், மாற்ற எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் உள்ள கார் நல்ல விலைக்குப் போகிறது. பதில் இல்லாத கார், எட்டுக் கோடிக்கு வாங்கியதாக இருந்தாலும், விலை இறங்குகிறது.

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வகை வண்டிகள் விற்கப்படுகின்றன. பழைய கார் சந்தையில் இது பல குழப்பங்களுக்கு வழிவிடுகிறது. மாருதி 2015-இல் சியாஸ் காரில் கொண்டுவந்தது போன்ற மென் ஹைபிரிடில் மோட்டார் இன்ஜினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும். மின்சாரத்தில் மட்டும் வண்டி ஓடாது. இதை விற்கும்போது 'ஹைபிரிட்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பதில் நியாயம் குறைவு. இரண்டாவது வகை முழு ஹைபிரிட். குறைந்த வேகத்தில் மின்சாரத்திலேயே ஓடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்துக்கொள்ளும். வெளியே சார்ஜ் போட வேண்டாம். டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஹைபிரிட் மாடல்கள் இந்த வகை. மூன்றாவது, வீட்டிலோ நிலையத்திலோ சார்ஜ் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட். இன்றைய ஹைபிரிட் சூப்பர்கார்களில் பெரும்பாலானவை இதில்தான் வருகின்றன.

சூப்பர்கார்களின் கதையில் மறுவிற்பனையின் விதிகள் மிகத் தெளிவாகத் தெரிவதால் அங்கிருந்து தொடங்கலாம். 2013-ஐ ஒட்டி மூன்று நிறுவனங்கள் ஹைபிரிட் சூப்பர்கார்களைக் கொண்டுவந்தன. மெக்லாரன் பி1 வகையில் 375 கார்களே செய்யப்பட்டன. போர்ஷே 918 ஸ்பைடர், பெயருக்கு ஏற்ப, 918. ஃபெராரி லாஃபெராரி 499. ஃபெராரி பிறகு இன்னொன்றைக் கூடுதலாகச் செய்து, இத்தாலிய நிலநடுக்க நிவாரணத்துக்காக 2016 டிசம்பரில் ஏலம் விட்டது. அது 70 லட்சம் டாலருக்குப் போனது. புதிய லாஃபெராரியின் விலையோ 14 லட்சம் டாலர் அளவில்தான் இருந்தது. அதன் பிறகும் இந்த மூன்று வகைக் கார்களும் பெரும்பாலும் வாங்கிய விலைக்கு மேலேயே கைமாறின. இவற்றின் பேட்டரியும் பழையதாகத்தான் ஆகிறது. ஆனால் இனி ஒன்றுகூடச் செய்யப்படாது என்ற உறுதி, பேட்டரி பற்றிய பயத்தை விழுங்கிவிட்டது. வாங்குபவர் அதை ஓட்டுவதற்காக வாங்குவதில்லை, வைத்திருப்பதற்காக வாங்குகிறார்.

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத ஹைபிரிட் சூப்பர்காருக்கு இந்தக் காப்பு கிடையாது. 2019-இல் அறிமுகமான ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலே ஆயிரம் குதிரைத்திறன் கொண்டது. புதிதாக 5 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. முதல் சில ஆண்டுகளிலேயே பழைய சந்தையில் அதன் விலை கணிசமாக இறங்கியது. பேட்டரி உத்தரவாதம் முடிந்த பின் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதற்கு ஒரு காரணம். ஃபெராரிக்கே இது உறைத்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்தும் உரிமையாளர்களுக்கு எட்டாம் ஆண்டிலும் பதினாறாம் ஆண்டிலும் புதிய பேட்டரி பொருத்தித் தரும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. தன் கார்களின் மறுவிற்பனை விலையைக் காப்பாற்ற ஒரு நிறுவனம் பேட்டரியின் ஆயுளுக்குத் தானே பொறுப்பேற்றது, இந்தச் சந்தை எதற்குப் பயப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று.

இந்தியாவுக்கு வந்த முதல் குறிப்பிடத்தக்க ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார் பிஎம்டபிள்யூ ஐ8. 2015 பிப்ரவரியில் 2.29 கோடி ரூபாய்க்கு அறிமுகமானது. சென்னைக்கு அருகே பிஎம்டபிள்யூவுக்குத் தொழிற்சாலை இருந்தும், ஐ8 முழுதாக ஜெர்மனியிலிருந்தே இறக்குமதி ஆனது. மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து அதை நாலரை நொடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோயின. உற்பத்தி 2020-இல் நின்றது. அதற்குள் உலகெங்கும் 20,000-க்கு மேல் விற்றிருந்தது. அபூர்வம் என்று சொல்ல முடியாத எண்ணிக்கை அது. அமெரிக்காவில் 1,35,000 டாலருக்கு மேல் விற்ற அந்தக் கார் சில ஆண்டுகளில் பாதி விலைக்கும் கீழே வந்தது. 2023 டிசம்பரில் 8.89 கோடி ரூபாய்க்கு வந்த லம்போர்கினி ரெவுவெல்டோ, அதன் பிறகு வந்த டெமராரியோ ஆகிய ஹைபிரிட் கார்கள் இங்கே எப்படி விலை நிற்கும் என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டும். சுங்கவரியோடு சேர்ந்து வெளிநாட்டு விலையைவிட வெகுவாக உயர்ந்த தொகைக்கு இவை வாங்கப்படுகின்றன. அந்த வரிப் பணம் மறுவிற்பனையில் முழுதாகத் திரும்புவது அரிது.

அபூர்வம் விலையை எவ்வளவு தூரம் தூக்கும் என்பதற்குச் சூப்பர்கார் தேவையில்லை; சாதாரண ஹைபிரிட் காரே போதும் என்று காட்டியது இலங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை டொயோட்டா பிரியஸ், அக்வா, ஹோண்டா ஃபிட், வெசல் ஆகியவை ஜப்பானில் ஓடி முடித்தபின் இறக்குமதியாகி ஏராளமாக ஓடுகின்றன. 2020 மார்ச்சில் அந்நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிய வரத்து இல்லாததால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறிய விந்தை நடந்தது. பேட்டரியைக் கழற்றி, பழுதான செல்களை மட்டும் மாற்றித் தரும் தொழிலும் அங்கே வேரூன்றியிருந்தது. தனியார் கார்களுக்கான தடை 2025 பிப்ரவரியில் நீங்கியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பத்து வயதான ஹைபிரிட் கார்களை மக்கள் ஓட்டித் தீர்த்தார்கள் என்பது, பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்ற அச்சத்துக்கு நடைமுறையில் கிடைத்த பதில்.

இந்தியாவில் ஆரம்பம் அவ்வளவு நம்பிக்கையூட்டுவதாக இல்லை. ஹோண்டா 2008 ஜூனில் சிவிக் ஹைபிரிடை 21.5 லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வாங்க ஆளில்லாமல் தேங்கிய கார்களை அதே ஆண்டு நவம்பரில் 8 லட்சம் குறைத்து விற்றது. முதல் ஐந்து மாதங்களில் வாங்கியவரின் காருக்கு ஒரே நாளில் மறுவிற்பனை மதிப்பு சரிந்தது. அவர் காரில் எந்தக் குறையும் இல்லை. 2010-இல் வந்த பிரியஸும் விலையால் தள்ளி நின்றது. 2013-இல் பெங்களூருக்கு அருகே பிடதியில் தயாரான கேம்ரி ஹைபிரிட்தான் ஓரளவு பரவியது. அதற்கும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வரி 43 விழுக்காடாக ஏறி, விலை சில லட்சம் கூடியது. முன்பே வாங்கி வைத்திருந்தவருக்கு அது ஆதாயமாக முடிந்தது. புதியதன் விலை ஏறினால் பழையதும் ஏறும். இறங்கினால் பழையதும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய ஹைபிரிட் கார்களுக்கான வரி 43-லிருந்து 40 விழுக்காடாகக் குறைந்தபோதும் இதுவே நடந்தது. தன் காருக்குப் பழைய ஷோரூம் விலையை வைத்துக் கணக்குச் சொல்லும் உரிமையாளருக்கு இதை ஏற்க மனம் ஒப்பாது. ஆனால் வாங்க வருபவர் இன்றைய ஷோரூம் விலையைத்தான் பார்க்கிறார்.

நிலைமை திரும்பியது 2022-இல். அந்த ஆண்டு மே மாதம் ஹோண்டா சிட்டி ஹைபிரிடும், பின்னர் ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும், ஆண்டு முடிவில் ஹைகிராஸும் வந்தன. ஹைகிராஸ் ஹைபிரிடின் தொடக்க விலை 24 லட்சத்தைத் தொட்டது. இருந்தும் காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டது. 2023 ஏப்ரலில் அதன் உயர்வகை மாடல்களுக்கு முன்பதிவையே நிறுத்தி வைத்தார்கள். பணம் கையில் இருந்தும் வண்டி கிடைக்காத நிலையில், ஒரு வருடம் ஓடிய கார் ஏறக்குறைய புது விலைக்கே கேட்கப்பட்டது. இதற்கு ஹைபிரிட் என்பது பாதிக் காரணம். இன்னோவா என்ற பெயர் மீதிக் காரணம்.

அந்தப் பெயருக்குத் தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள மதிப்பைத் தனியாகச் சொல்லவேண்டும். 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2016-இல் கிரிஸ்டா என்று வந்த வரிசையில், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும் வண்டிகளை ஊர் மக்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய் என்று சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி வைத்திருப்போர், ஒப்பந்தக்காரர்கள்; பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காய வியாபாரிகள், கல் குவாரி நடத்துவோர், கல்வி நிறுவனத்தார்: பெரிய காருக்கான கிராக்கி இவர்களிடமிருந்துதான் வருகிறது. விளைச்சல் பணம் கைக்கு வரும் மாதங்களில் கேட்பு கூடும். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள் பல. துபாய் டாக்சிகளில் கேம்ரி ஹைபிரிட் பல்லாண்டுகளாக ஓடுகிறது. அந்த வண்டிகள் கொதிக்கும் வெயிலில் இரவு பகல் பாராமல் ஓடியதைப் பார்த்தவருக்கு ஹைபிரிட் பேட்டரி ஒரு புதிர் அல்ல. உள்ளூரில் தயங்கி நிற்பவரைவிட இவர்கள் துணிந்து விலை சொல்வார்கள்.

சூப்பர்கார் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் எட்டாத பொருள். அதை விற்கும் கடையோ சர்வீஸ் செய்யும் இடமோ இங்கே இல்லை. ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைகளும் ஆலைச் சாலைகளில் லாரி ஓடி விழுந்த பள்ளங்களும் தரையோடு தரையாகப் போகும் காருக்கு ஒத்துவராது. இங்கே ஹைபிரிட் என்றால் குடும்பக் கார்தான். ஆகவே அபூர்வத்தால் கிடைக்கும் விலை இங்கே கிடையாது. உழைப்பைக் காட்டித்தான் விலை வாங்கவேண்டும்.

அந்த உழைப்பின் முதல் கணக்கு எரிபொருள். ஹைகிராஸ் ஹைபிரிட் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் 27.97 கிலோமீட்டர் என்பவை சோதனைக்கூடத்தில் கிடைத்த அளவுகள். சாலையில் அதைவிடக் குறையும். ஹைகிராஸ் ஹைபிரிட் 17 கிலோமீட்டரும் அதே வண்டியின் சாதாரண பெட்ரோல் மாடல் 11 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 77,000 ரூபாய் மிச்சமாகும். பழைய சந்தையில் இரண்டு மாடலுக்கும் 4 லட்சம் வித்தியாசம் இருந்தால், அது ஐந்து ஆண்டுக்குச் சற்று மேலே கழிந்துவிடும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 26,000 ரூபாய்கூட இல்லை. அதே 4 லட்சம் கழிய பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் காரை வெளியே எடுக்கும் குடும்பம் பழைய ஹைபிரிடுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, கணக்கின்படி, வீண். வாரம் இருமுறை சென்னைக்கும் திருச்சிக்கும் ஓடுபவருக்கே அது பொருந்தும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில்தான் ஹைபிரிட் தன் முழுப் பலனையும் காட்டும். பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நாற்கர சாலையில் திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரே வேகத்தில் 100-இல் போனால் பிரேக் பிடிக்கும் வேலையே குறைவு; மோட்டாருக்குத் திரும்பும் ஆற்றலும் குறைவு. மிச்சம் இருக்கும், ஆனால் நகரத்தில் கிடைக்கும் அளவு இருக்காது. ஆகவே சென்னையில் ஓடிய கார் என்ன மைலேஜ் தந்தது என்று விற்பவர் சொல்வதை நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

அடுத்தது பேட்டரி. ஹைகிராஸில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 168 செல்கள். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், சிட்டி ஹைபிரிடுகளில் லித்தியம் அயன். முந்தியது எடை கூடுதல், ஆனால் நீண்ட காலம் சோதிக்கப்பட்டது. பிந்தியது சிறியது, இலகுவானது. கிராண்ட் விட்டாராவின் பேட்டரி 0.76 யூனிட் மின்சாரம் மட்டுமே கொள்ளும். மின்சாரக் காரின் பேட்டரியோ 30, 40 யூனிட் கொள்ளக்கூடியது. மின்சாரக் காரின் பேட்டரிச் செலவை ஹைபிரிடுக்கும் பொருத்திப் பயப்படுவது தவறு என்பதை இந்த அளவே சொல்லும். முழுதாக நிரப்பாமலும் முழுதாக வடியவிடாமலும் நடுவிலேயே வைத்து இயக்கும்படி காரின் கணினி பார்த்துக்கொள்வதால் இந்தப் பேட்டரிகள் நெடுநாள் தாங்குகின்றன.

டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. பழைய ஹைபிரிடின் விலையில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு வரிக்கு உண்டு. 2022-இல் வந்த முதல் கார்களுக்கே 2030-இல்தான் அது முடியும். அதனால் இன்று சந்தையில் காணும் நல்ல விலை, உத்தரவாதம் உயிரோடு இருக்கும் காலத்தின் விலை. அது முடிந்தபின் என்ன ஆகும் என்பது இந்தக் கார்களைப் பொறுத்தவரை இன்னும் சோதிக்கப்படவில்லை. நான்கு வயதான காரும் ஏழு வயதான காரும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், இரண்டாவதை வாங்குபவர் அடுத்த ஆண்டே உத்தரவாதத்துக்கு வெளியே நிற்பார். விலையில் அந்த வித்தியாசம் தெரியவேண்டும். ஆண்டு மட்டும் பார்த்தாலும் போதாது. அதிகம் ஓடிய காரில் கிலோமீட்டர் வரம்பு நான்கே ஆண்டில் முடிந்திருக்கலாம்.

பேட்டரியின் பகை வெப்பமும் தூசியும். இந்த மாவட்டங்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அரியலூரின் ஆலைச் சாலைகளில் சுண்ணாம்புத் தூசி இலைகளின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை யாரும் பார்க்கலாம். இந்தப் பேட்டரிகளில் பல, காரின் உள்ளே இருக்கும் காற்றை ஒரு சிறு விசிறி மூலம் இழுத்துத் தம்மைக் குளிரச் செய்துகொள்கின்றன. அந்தக் காற்று நுழையும் சல்லடை சீட்டுக்கு அருகே இருக்கும். தூசி அடைத்தாலும், சாமான் வைத்து மறைத்தாலும் பேட்டரி சூடேறும்; சூடேறிய பேட்டரியின் ஆயுள் சத்தமில்லாமல் குறையும். சில நூறு ரூபாயில் முடியும் சுத்தத்தைச் செய்யாததால் விலையுயர்ந்த பொருள் வீணாவது வேதனையான செய்தி. வாங்குபவர் டயர் பட்டனையும் பெயின்டையும் பார்க்கும் அதே அக்கறையோடு இந்தச் சல்லடையைப் பார்க்கவேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு ஆலைச் சாலையில் ஓட்டிய காரைவிட, ஏசி போட்டு ஓட்டிய காரின் பேட்டரிக்கு ஆயுள் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

பேட்டரியின் உள்நிலையைக் காண ஒரே நம்பகமான வழி, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கணினியை இணைத்துப் பார்ப்பது. செல் தொகுதிகளுக்கு இடையே மின்னழுத்தம் சமமாக இருக்கிறதா, பழைய பழுதுக் குறியீடுகள் பதிவாகியுள்ளனவா என்று அது சொல்லிவிடும். விற்பவர் இதற்குத் தயங்கினால் அதுவே ஒரு பதில். ஓட்டிப் பார்க்கும்போதும் சில குறிகள் தெரியும்: திரையில் பேட்டரி அளவு மளமளவென ஏறி மளமளவென இறங்குவது, நின்ற இடத்திலேயே இன்ஜின் அடிக்கடி எழுவது, பேட்டரி விசிறி உரக்க இரைவது. சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று தனியாக இருக்கிறது. அது இறங்கினால் ஹைபிரிட் கார் எழும்பவே எழும்பாது. அதை மாற்றுவது சின்ன வேலை. அதைப் பெரிய பேட்டரிக் கோளாறு என்று சொல்லி விலையை அடிக்கும் தரகரும் உண்டு. பெரிய பேட்டரிக் கோளாறை 'பன்னிரண்டு வோல்ட்தான் சார்' என்று மறைக்கும் தரகரும் உண்டு.

சர்வீஸ் என்பது இங்கே ஒரு தனிப் பிரச்சினை. லாரி, டிராக்டர், டீசல் கார் எதையும் பிரித்துப் பூட்டும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆரஞ்சு நிற உறை போட்ட உயர்மின்னழுத்த வயர்களில் கை வைக்க அதற்கென்று பயிற்சியும் கருவிகளும் வேண்டும். அவை இல்லாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஹைபிரிட் அமைப்பு சார்ந்த வேலைக்குப் பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், அரியலூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சியை நம்பியிருக்கவேண்டும். கிராமத்து வாங்குநரிடம் பழைய டீசல் கிரிஸ்டாவுக்குத் தனி மவுசு இருப்பது இதனால்தான். 10 ஆண்டு கடந்த டீசல் காருக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு; தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு டீசலிலிருந்து ஹைபிரிடுக்குச் சிலரைத் தள்ளியிருக்கிறது.

வரத்து பெரும்பாலும் வெளியூரிலிருந்து. இங்கே ஹைபிரிட் வைத்திருப்பவர் சீக்கிரம் விற்பதில்லை. விற்பனைக்கு வருபவை சென்னை, கோவை வண்டிகள். சென்னை வண்டி என்றால் வெள்ளத்தை நினைக்கவேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. நீர் புகுந்த ஹைபிரிடில் இணைப்பு முனைகள் மெல்ல மெல்ல அரித்து, ஒன்றிரண்டு ஆண்டு கழித்தே கோளாறு காட்டும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அதன் அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா, தரைவிரிப்புக்குக் கீழே துருவும் வாடையும் இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்சூரன்ஸில் பெரிய தொகைக்கு க்ளெய்ம் ஆகியிருக்கிறதா என்பதைக் கேட்டு வாங்கினால் ஐயம் தீரும். வாடகைக்கு டி-போர்டாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதும் ஆர்.சி. விவரத்தில் தெரிந்துவிடும்.

வரி இந்தச் சந்தையை உள்ளூரோடு கட்டிப்போடுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தது: 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு. 25 லட்சம் ரூபாய் ஹைபிரிடுக்கு வரி மட்டும் 5 லட்சம். மின்சாரக் காருக்குச் சாலை வரி விலக்கு தந்த தமிழ்நாடு, ஹைபிரிடுக்கு அதைத் தரவில்லை. ஆனால் டிஎன் எண் கொண்ட பழைய காரை வாங்குபவர் இந்த வரியை மறுபடி கட்டவேண்டியதில்லை. முதல் ஓனர் கட்டிய வரி காரோடு வருகிறது. புதிய கார் வாங்குபவரோடு ஒப்பிடும்போது பழைய கார் வாங்குபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான். அதைச் சரியாகக் கணக்கில் எடுப்பவர் சிலரே.

பிற மாநில வண்டியில் இந்த லாபம் மறைந்துபோகும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் விலையுயர்ந்த கார்கள் பலவும் அங்கே பதிவாகி பி.ஒய். எண்ணோடு தமிழ்நாட்டில் ஓடுவது பல ஆண்டாக நடந்துவருகிறது. சூப்பர்கார்களில் அது இன்னும் அதிகம். டெல்லி எண் கொண்ட கார்களும் குறைந்த விலைக்கு வருகின்றன. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, பெரம்பலூரின் டிஎன் 46-க்கோ அரியலூரின் டிஎன் 61-க்கோ மாற்றும்போது, வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டவேண்டும். விலையில் 2 லட்சம் மலிவு என்று வாங்கியவர், வரியாக அதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரிடலாம்.

கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சான்றோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்கவேண்டும். 'கடைசித் தவணை கட்டியாச்சு' என்ற வாய்வார்த்தை போதாது. காரின் இன்சூரன்ஸைப் பெயர் மாற்றாமல் விட்டுவிட்டால், விபத்து நேர்ந்தபின் சிக்கல் வரும். விற்றவர் பெயரில் இருந்த க்ளெய்ம் இல்லாமைக்கான தள்ளுபடி அவரோடு போய்விடும். புதிய ஓனர் அதை எதிர்பார்க்கக்கூடாது. பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால், அவருடைய லாபத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் பழைய கார் வகைகள் அனைத்துக்கும் அந்த விகிதத்தை ஒன்றாக்கியது. காரின் முழு விலை மீது 18 விழுக்காடு என்று சொல்லி விலை ஏற்றினால் அது தவறான கணக்கு. தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது இந்த வரியே இல்லை.

விற்பவர் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. கம்பெனி சர்வீஸ் பதிவுகள் தொடர்ச்சியாக இருக்கும் ஹைபிரிடுக்கும் இடையில் வெளியே சர்வீஸ் செய்த ஹைபிரிடுக்கும் விலை வித்தியாசம், டீசல் காரில் இருப்பதைவிட அதிகம். கம்பெனிப் பதிவு இல்லாத காரில் பேட்டரி உத்தரவாதம் கோரும்போது கேள்வி எழும் என்று வாங்குபவர் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. விற்கும் முன் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரிப் பரிசோதனை அறிக்கை எடுத்து வைத்தால், தரகரின் பேச்சுக்கு இடமில்லாமல் போகும். உத்தரவாதத்தில் இரண்டு ஆண்டாவது மீதம் இருக்கும்போது விற்பதும், புதிய மாடலோ வரிக் குறைப்போ அறிவிப்பாகும் வரை காத்திராமல் விற்பதும் நல்ல விலை தரும். அவசரமில்லாதவர் அறுவடைப் பணம் புழங்கும் மாதங்களில் விற்கலாம். எட்டு ஆண்டைத் தாண்டி வைத்திருக்க முடிவு செய்தவர், பேட்டரி ஒருநாள் மாறவேண்டிவரும் என்று எண்ணி, ஆண்டுதோறும் எரிபொருளில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கி வைப்பது, காரை எந்த விலைக்காவது தள்ளிவிடும் நெருக்கடியிலிருந்து அவரைக் காக்கும்.